கமண்டலம் காட்டும் இல்லறக் கணக்கு



சிராவக தருமத்தில் நிற்கும் நாம் பன்னிரு விரதங்களை மனப்பாடமாகக் கூறுகிறோம். அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிட்சாவிரதம் நான்கு என்று நம் இல்லத்துச் சிறுவர்களும் விரல்விட்டு எண்ணிக் காட்டுவர். ஆனால் திங்களின் இருபதாம் நாளிலேயே பணம் தீர்ந்து, அண்டை வீட்டாரிடம் கைமாற்று வாங்க நேரும்போது, அந்த விரதங்களுக்கும் நம் பணப்பைக்கும் தொடர்பு உண்டு என்பது நம் நினைவுக்கு வருவதில்லை. விரதம் ஆலயத்தில் கூறுவது, வரவு செலவு அங்காடியில் பார்ப்பது என்று இரண்டையும் பிரித்து வைத்துவிட்டோம். நம் ஆசாரியர்கள் அவ்வாறு பிரிக்கவில்லை. இல்லறத்தானின் செலவுக்கு அளவு வகுப்பதையே அவர்கள் விரதமாக ஆக்கி வைத்தனர். அந்த உண்மையையும், அதனை நம் வீட்டுக் கணக்கில் கடைப்பிடிக்கும் முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

கமண்டல உவமை

கி.பி. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த சோமதேவ சூரி, யசஸ்திலகம் என்னும் காவியத்தை இயற்றியவர். நீதிவாக்கியாமிருதம் என்னும் அரசியல் நூலும் அவர் இயற்றியதே. அந்நூலில் வரவுக்கும் செலவுக்கும் முனிவரின் கமண்டலத்தை அவர் எடுத்துக்காட்டாகத் தருகிறார்.

கமண்டலத்தை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். நீரை நிரப்பும் வாய் அகன்றது. நீரை வார்க்கும் மூக்கோ குறுகியது. நிரப்பும்போது விரைவில் நிரம்பும். வார்க்கும்போது வேண்டிய அளவே ஒழுகும். மூக்கை முற்றிலும் அடைத்துவிட்டால் அது கமண்டலம் ஆகாது, முனிவருக்குப் பயன்படாது. மூக்கை வாயளவு அகலமாக்கினாலோ ஒரே சாய்ப்பில் நீர் முழுவதும் கொட்டிப் போகும். வரவினும் செலவின் வழி குறுகியிருத்தல் வேண்டும். ஆயினும் அது அடைபட்டிருத்தல் கூடாது. அரசனின் கருவூலத்துக்குச் சொல்லப்பட்ட இவ்வுவமை நம் வீட்டு அரிசிப் பானைக்கும் பொருந்தும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹேமசந்திர ஆசாரியர் தம் யோகசாஸ்திரத்தில் நல்ல இல்லறத்தானுக்குரிய 35 குணங்களைத் தொகுத்துள்ளார். வரவுக்குத் தக்க செலவு செய்தல் அவற்றுள் ஒன்று. திகம்பரர், சுவேதாம்பரர் ஆகிய இரு மரபினரும் இதில் ஒருமித்து நிற்பது கருதத்தக்கது.

அளக்கப்படுவது எது?

ஐந்தாம் அணுவிரதத்தை மிகுபொருள் விரும்பாமை என்றும், பரிக்கிரக பரிமாணம் என்றும் வழங்குகிறோம். ஆசாரியர் ஸமந்தபத்ரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதற்கு இச்சா பரிமாணம் என்று மற்றொரு பெயரும் தருகிறார். நிலம், வீடு, பொன், தானியம், பாண்டங்கள் என்று அளவிடப்படுவன பொருள்களே போலத் தோன்றும். ஆனால் உண்மையில் அளவிடப்படுவது இச்சையே என்பதை இப்பெயர் உணர்த்துகிறது.

வீட்டுக் கணக்கு எழுதுவோர் பலரும் சில திங்களில் அதைக் கைவிடுவதன் காரணம் இங்கேதான் உள்ளது. அவர்கள் பணத்தை அளக்கின்றனர், இச்சையை அளப்பதில்லை. செலவு செய்த பின்னர் அதைக் குறிப்பேட்டில் எழுதுகின்றனர். போனதை எழுதுவது கணக்கு. போவதற்கு முன்னரே எல்லை கட்டுவது பரிமாணம். முன்னது நடந்ததை மட்டுமே அறிவிக்கும். பின்னது நடக்கப் போவதை ஆளும். ஆகவே திட்டம் என்பது திங்களின் முதல் நாளில், பணம் கைக்கு வந்தவுடன், ஒரு ரூபாயும் வெளியே செல்லுமுன் எழுதப்படல் வேண்டும்.

போகமும் உபபோகமும்

போகோபபோக பரிமாண விரதத்தை ஸமந்தபத்ரர் குணவிரதங்களுள் வைத்துள்ளார். அந்நூலின் வழிநின்ற நம் அருங்கலச்செப்பும் அவ்வாறே வைக்கிறது. தத்துவார்த்த சூத்திரத்தில் இது சிட்சாவிரதங்களுள் எண்ணப்படும். ஒருமுறை நுகர்ந்ததும் தீர்ந்து போவது போகம், உணவு அத்தகையது. மீண்டும் மீண்டும் நுகரப்படுவது உபபோகம். ஆடை, அணிகலன், வாகனம் முதலியன அத்தகையன.

வீட்டுக் கணக்குக்கு இப்பகுப்பினும் சிறந்த பகுப்பு வேறில்லை. போகத்தின் செலவு கண்ணுக்குத் தெரியும். பால், காய், மளிகை ஆகியவற்றுக்கு நாள்தோறும் கொடுக்கிறோம். மிகுந்தால் உடனே உணர்கிறோம். உபபோகத்தின் செலவு மறைந்து நிற்பது. ஒரு வாகனத்தை விலை கொடுத்து வாங்கியதோடு செலவு முடிந்தது என எண்ணுகிறோம். எரிபொருள், காப்பீடு, பழுதுபார்ப்பு ஆகியன அதன் பின்னே வரிசையாக வருகின்றன. குளிர்சாதனம் வாங்கினால் மின்கட்டணம் உயர்கிறது. ஆகவே உபபோகப் பொருளொன்றை வாங்குமுன், அதன் விலையை மட்டுமன்றி, அது திங்கள்தோறும் நம்மிடம் கேட்கப் போகும் தொகையையும் எழுதிப் பார்த்தல் வேண்டும்.

இதனோடு அனர்த்த தண்ட விரதத்தையும் சேர்த்து எண்ணலாம். பயனின்றி நீரைக் கொட்டுதல், தீயை எரியவிடுதல், காற்றை வீசச் செய்தல், பயிர்களை அழித்தல் ஆகியவற்றைப் பிரமாதசரியை எனக் கூறி விலக்கினர் ஆசாரியர். ஆளில்லா அறையில் சுழலும் மின்விசிறியை நிறுத்துவோர் மின்கட்டணத்தைக் குறைக்கின்றனர். அதே செயலால் நுண்ணுயிர்களுக்கு இழைக்கப்படும் வீண் துன்பத்தையும் குறைக்கின்றனர். நமக்குச் சிக்கனமும் அகிம்சையும் வேறு வேறல்ல.

கால எல்லை

விரதங்களை யமம், நியமம் என இருவகையாகக் கொள்வர். ஆயுள் முழுமைக்கும் ஏற்பது யமம். குறித்த காலத்துக்கு ஏற்பது நியமம். நியமத்துக்குரிய கால அளவுகளாகப் பகல், இரவு, பக்கம், திங்கள், இருது, அயனம் ஆகியவற்றை ஸமந்தபத்ரர் கூறுகிறார். பக்கம் என்பது பதினைந்து நாள். இருது இரு திங்கள். அயனம் ஆறு திங்கள்.

இவ்வளவுகளை நம் செலவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். காய்கறிக்கு நாளும், மளிகைக்குத் திங்களும் பொருந்துகின்றன. தமிழகத்தில் வீட்டு மின்கட்டணம் இரு திங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்பட்டு வந்துள்ளது; அது இருதுவின் அளவு. வந்தவாசி, திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் நெல்லும் மணிலாவும் பயிரிடும் நம் உழவர் குடும்பங்களுக்கு வருவாய் திங்கள்தோறும் வருவதில்லை, அறுவடையில்தான் வருகிறது. அவர்களுக்குரிய அளவு அயனமே. அறுவடைப் பணத்தில் அடுத்த பருவத்துக்குரிய விதை, உரம், கூலி ஆகியவற்றை முதலில் ஒதுக்கி, எஞ்சியதை ஆறாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு திங்களின் சம்பளமாகக் கருதிச் செலவிடல் நன்று.

எல்லாச் செலவையும் திங்கள் என்னும் ஒரே அளவால் அளப்பவர் ஏமாறுவர். எம் இல்லத்திலும் முன்னர் இப்பிழை நேர்ந்தது. மார்ச்சு, ஏப்ரல், மே ஆகிய மூன்று திங்களும் திட்டம் செம்மையாக நடந்தது. மிச்சம் கண்டு மகிழ்ந்தோம். சூனில் பள்ளி திறந்தது. கட்டணம், நூல்கள், சீருடை எனக் கேட்டபோது மூன்று திங்களின் மிச்சமும் ஒரே நாளில் கரைந்து, மேலும் கடன் வாங்க நேர்ந்தது. அன்றே குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டோம். பிழை குறிப்பேட்டில் இல்லை. சூன் ஆண்டுதோறும் வரும் என்பதை மறந்த எம்மிடமே இருந்தது.

திட்டம் எழுதும் முறை

முதலில் ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகளைத் தனித்தாளில் எழுதுக. எடுத்துக்காட்டாக, திங்களுக்கு 40,000 ரூபாய் கையில் பெறும், சொந்த வீடுடைய, இரு குழந்தைகள் உள்ள குடும்பம் ஒன்றைக் கொள்வோம்.

பள்ளிக் கட்டணம், நூல்கள், சீருடை – 36,000
புத்தாடைகள் – 12,000
வாகனக் காப்பீடும் பழுதும் – 6,000
வீட்டு வரியும் வீட்டுப் பழுதும் – 6,000
உறவினர் இல்ல நிகழ்ச்சிகள் – 12,000
ஆலய விழாவும் யாத்திரையும் – 12,000

ஆக மொத்தம் 84,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் திங்களுக்கு 7,000 ரூபாய். இத்தொகை அத்திங்களில் தேவைப்படாவிடினும் தனியே ஒதுக்கப்படல் வேண்டும். இனித் திங்கள் திட்டம் எழுதுவோம்.

தானம் – 2,000
சேமிப்பு – 5,000
ஆண்டுச் செலவு ஒதுக்கீடு – 7,000
மளிகை, பால், காய், எரிவாயு – 13,000
பெற்றோர் பராமரிப்பு – 3,000
போக்குவரத்து – 3,000
மருத்துவம் – 2,000
மின்சாரம், கைபேசி – 1,500
கைச்செலவும் எதிர்பாராதனவும் – 3,500

மொத்தம் 40,000 ரூபாய். இத்தொகைகள் அவரவர் ஊருக்கும் குடும்பத்துக்கும் ஏற்ப மாறும். மாறக் கூடாதது வரிசைமுறையே. தானமும் சேமிப்பும் முதலில் நிற்கின்றன. எஞ்சினால் கொடுப்போம், எஞ்சினால் சேமிப்போம் என்போருக்கு எஞ்சுவது அரிது.

நம் மரபில் வருவாயை நான்காகப் பகுக்கும் முறையொன்றும் உண்டு. ஒரு பங்கை வைப்பு நிதியாகவும், ஒரு பங்கைத் தொழிலின் முதலாகவும், ஒரு பங்கை அறத்துக்கும் நுகர்வுக்குமாகவும், ஒரு பங்கைத் தம்மைச் சார்ந்தோரைக் காப்பதற்காகவும் வைப்பர். வணிகர்க்கு வகுத்த இப்பகுப்பு சம்பளக் குடும்பத்துக்கு அப்படியே பொருந்தாது. எனினும் நுகர்வும் அறமும் ஒரே பங்கில் வைக்கப்பட்டமையை நோக்குக. நம் நுகர்வு பெருகினால் சுருங்குவது அறமே என்பதை அது புலப்படுத்துகிறது.

சேமிப்பின் முதல் நோக்கம் மூன்று திங்கள் செலவுக்குரிய தொகையைத் திரட்டுதலாக இருக்கட்டும். மேற்கண்ட குடும்பம் திங்களுக்கு 5,000 வீதம் சேமித்தால் 20 திங்களில் ஒரு லட்சம் ரூபாய் சேரும். நோயோ வேலையிழப்போ நேர்ந்தால், அத்தொகை வட்டிக்காரரின் வாயிலுக்குச் செல்லாது அக்குடும்பத்தைக் காக்கும்.

ஐந்து குற்றங்கள்

பரிமாண விரதத்துக்கு நேரும் ஐந்து அதிசாரங்களை ஸமந்தபத்ரர் எடுத்துக் கூறியுள்ளார். அதிவாகனம், அதிசங்கிரகம், விஸ்மயம், லோபம், அதிபாரவாகனம் என்பன அவை. அளவுக்கு மீறி ஊர்திகளைக் கொள்ளுதல், மிகுதியாகச் சேர்த்து வைத்தல், பிறர் செல்வத்தைக் கண்டு வியந்து மயங்குதல், பேராசை, அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல் என்று இவற்றுக்குப் பொருள் கொள்ளலாம்.

இவற்றுள் விஸ்மயத்தை நாம் ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். வியத்தல் எவ்வாறு குற்றமாகும் என்று தோன்றலாம். ஆனால் நம் குடும்பங்களில் கடனுக்கு வாயிலாக அமைவது பெரும்பாலும் இதுவே. உறவினர் இல்லத் திருமணத்தில் அலங்காரத்தைக் காண்கிறோம், வியக்கிறோம். அவ்வியப்பே, நம் மகளின் திருமணம் அதற்குக் குறைந்ததாக இருக்கலாகாது என்னும் எண்ணமாக மாறுகிறது. அவர்தம் வரவை நாம் அறியோம்; கடன் வாங்கிச் செய்தாரா என்பதையும் அறியோம். செலவை மட்டுமே காண்கிறோம். இன்று கைபேசித் திரையைத் திறந்தால் ஊர் முழுதும் உள்ளோரின் புத்தாடையும் பயணமும் நம் முன் வந்து நிற்கின்றன. விஸ்மயத்துக்கு இத்துணை வாயில்கள் முன்னோர் காலத்தில் இருந்ததில்லை.

திருமணத்துக்காக 2 லட்சம் ரூபாயை நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டியில் ஒருவர் பெறுகிறார் எனக் கொள்வோம். இரண்டு ரூபாய் என்பது கேட்கச் சிறிதே. திங்களுக்கு வட்டி 4,000, ஆண்டுக்கு 48,000. முதலில் ஒரு ரூபாயும் குறையாமல், 50 திங்களில் வட்டியே 2 லட்சத்தை எட்டிவிடும். பந்தல் பிரித்து நான்கு ஆண்டுகள் கடந்தும் அதன் விலை இரட்டிப்பாகக் கொடுக்கப்பட்டிருக்கும். கடனோ அவ்வாறே நிற்கும். தவணை முறையில் வாங்கும் பொருள்களுக்கும் இவ்வாறே மொத்தத் தொகையைப் பெருக்கிப் பார்த்தல் வேண்டும். தவணைத் தொகையைப் பாராதீர். தவணைகளின் கூட்டுத்தொகையைப் பாருங்கள்.

கடன் மிகுந்த இல்லத்தில் மற்ற விரதங்களும் தளர்கின்றன. கடன்காரர் வரும்போது வீட்டில் இல்லை என்று சொல்லுமாறு குழந்தைக்குக் கற்பிக்கிறோம். அங்கே பொய்யாமை கெடுகிறது. கணவர் வாங்கிய கடனை மனைவி அறியார். மனைவி கட்டும் சீட்டைக் கணவர் அறியார். கடுஞ்சொல் பிறக்கிறது, உடன் வாழும் உயிர்களின் மனம் புண்படுகிறது. ஐந்தாம் அணுவிரதத்தில் விழுந்த ஓட்டை முதலாம் விரதம் வரை சென்று சேர்வதை இதனால் அறியலாம்.

நிலைத்து நிற்கும் வழி

திட்டம் எழுதுதல் ஒரு மாலைப்பொழுதின் வேலை. அதில் நிற்பதே அரிது. விரதம் கெடும் முறையை நம் நூல்கள் அதிக்கிரமம், வியதிக்கிரமம், அதிசாரம், அநாசாரம் என்று நான்கு படிகளாக விளக்குகின்றன. இதற்குக் கிழ எருது ஒன்றின் உவமையும் கூறப்படும். வேலிக்கப்பால் பயிரைக் கண்டு மேய விரும்புதல் முதற்படி. வேலிக்குள் தலையை நுழைத்தல் இரண்டாம் படி. ஒரு வாய் கவ்வுதல் மூன்றாம் படி. வேலியைக் கடந்து உள்ளே சென்று மேய்தல் நான்காம் படி.

அங்காடியிலும் இவ்வாறே நிகழ்கிறது. பொருளை விரும்புகிறோம், விலை கேட்டுக் கையில் எடுக்கிறோம், இந்த ஒருமுறை மட்டும் என்று வாங்குகிறோம், பின்னர், திட்டம்தான் கெட்டுவிட்டதே என்று அத்திங்கள் முழுதும் கட்டின்றிச் செலவிடுகிறோம். முதலிரு படிகளில் நின்று திரும்புவோர்க்கு இழப்பில்லை. மூன்றாம் படியில் திரும்புவோர்க்கு இழப்புச் சிறிது. நான்காம் படியே திட்டத்தை அழிப்பது. ஒரு முறை தவறியதைக் காரணமாகக் காட்டி முழுவதையும் கைவிடுவதே பெருந்தவறு என்பதை உணர்தல் வேண்டும்.

முதலிரு படிகளிலேயே நிற்பதற்குச் சில வழிகள் உண்டு. திட்டத்தில் இல்லாத பொருளைக் கண்ட அன்றே வாங்காமல் ஒரு பக்கம், அதாவது பதினைந்து நாள், பொறுத்திருப்பது என நியமம் கொள்ளலாம். பதினைந்து நாளில் பல விருப்பங்கள் தாமே அகன்றுவிடும். காய்கறிக்கும் கைச்செலவுக்கும் உரிய தொகையை நாணயத்தாள்களாகவே எடுத்து, தனித்தனி உறைகளில் வைத்துச் செலவிடலாம். கைபேசியைத் தொட்டுப் பணம் அனுப்பும்போது கொடுத்த உணர்வே தோன்றுவதில்லை. உறை மெலிவதைக் கண் காணும், கை தயங்கும்.

தவறு நேர்ந்துவிட்டால் அதற்குரிய வழியும் நம் நெறியிலேயே உண்டு. அதுவே ஆலோசனை. செய்த பிழையை மறைக்காமல் எடுத்துரைத்தலே நம் வழக்கில் ஆலோசனை எனப்படும். திங்களின் இறுதியில் வரும் சதுர்த்தசியன்று, மாலை உணவு முடித்து, கதிரவன் மறைந்தபின் குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து கணக்கைப் படிக்கலாம். எங்கே அளவு மீறியது என்பதை மீறியவரே கூறட்டும். மற்றவர் பழித்தல் ஆகாது. பழித்தால் அடுத்த திங்களில் உண்மை வெளிவராது. மீறிய தொகைக்கு ஈடாக அடுத்த திங்களில் எதைக் குறைப்பது என அவரே தேர்ந்து கொள்வது அவருக்குரிய பிராயச்சித்தம். குழந்தைகளும் இதில் அமரட்டும். வீட்டின் வரவை அறிந்த குழந்தை கேட்பதை அளந்து கேட்கும்.

உலோபமும் குற்றமே

இவ்வளவும் கூறியதனால் செலவே செய்யாதிருத்தல் அறம் என்று எவரும் கொள்ளற்க. மேற்கூறிய ஐந்து குற்றங்களுள் லோபமும் அதிசங்கிரகமும் இடம்பெற்றுள்ளன. முதிய பெற்றோரின் மருந்தில் சிக்கனம் காட்டுவதும், வேலை செய்வோரின் கூலியைக் குறைப்பதும் பரிமாணம் ஆகா. ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுக்கு வழி திறந்திருத்தல் வேண்டும். கமண்டலத்தின் மூக்கு குறுகியதே. ஆயினும் திறந்தே இருக்கிறது.

அன்பர்களே, பரிமாணத்தின் எல்லையைப் பிறர் எவரும் நமக்கு வகுப்பதில்லை. நாமே நம் நிலையறிந்து வகுத்துக் கொள்கிறோம். ஆகவே அதைக் காப்பதும் நம் கையிலேயே உள்ளது. வருகின்ற திங்களின் முதல் நாளில் ஒரு குறிப்பேட்டை எடுத்து, முதல் வரியில் தானத்தையும் இரண்டாம் வரியில் சேமிப்பையும் எழுதித் தொடங்குவோமாக.

சிந்திக்க

1. சென்ற ஆண்டு நாம் கடன் வாங்க நேர்ந்த செலவு எது? அது முன்னரே அறிந்திருக்கக் கூடியதா?
2. நம் இல்லத்து உபபோகப் பொருள்களுள் திங்கள்தோறும் செலவு வைப்பன எவை? அவற்றின் கூட்டுத்தொகை எவ்வளவு?
3. ஐந்து அதிசாரங்களுள் நம் குடும்பத்தில் மிகுதியாக நேர்வது எது?
4. பதினைந்து நாள் பொறுத்திருந்தால் வாங்காமலே விட்டிருக்கக் கூடிய பொருள்கள் நம் இல்லத்தில் எத்தனை?

ஜினசாசனம் வெல்க! இல்லறம் தழைக்க!